செத்துப்போன ராக்குவும் உன் அம்மாவும் நானும்

சிலமலை,
ஐப்பசி மாதம், வியாழக்கிழமை

அன்பு மகள் சந்திரவல்லிக்கு உன் அய்யா அழகுமலை சொல்லச் சொல்ல முத்துக்கண்ணன் எழுதுவது. உன் அம்மா இன்று காலையில் இரண்டு இட்லி விக்காமல் முழுங்கினாள், எனக்கும் முழங்கால் சொன்ன பேச்சுக் கேட்கிறது, அதனால் இங்கே நாங்கள் சுகம் என்றே வைத்துக்கொள். அந்த ஆஸ்திரேலியாவில் நீயும் மாப்பிள்ளையும் பேத்திகள் இரண்டு பேரும் சளி இருமல் அண்டாமல் இருக்கப் பரமசிவன் கோயில் மலையைப் பார்த்து தினம் ஒரு கும்பிடு போடுகிறேன். இங்கே மழை நன்றாகப் பிடித்துக்கொண்டது, மலை மேட்டை விட்டு மூன்று நாளாக மேகம் விலகவில்லை. உன் அண்ணன் தங்கபாண்டி விடிந்ததும் ஜீப்பில் ஆள் ஏற்றிக்கொண்டு மலைக்குப் போய்விடுகிறான், பாதை வழுக்குகிறது, மெதுவாகப் போ என்றால் கேட்பதில்லை, நீயாவது சொல்லு. உன் மதினி ரோஜா ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போடியிலிருந்து குழம்பு கொண்டுவருகிறாள், உப்புத்தான் கொஞ்சம் தூக்கல்.

ஆத்தா, நீ என்னோடு பேசி இன்றோடு இருபத்துமூன்று நாள். கடைசியாக நீ பேசியது ஒரு செவ்வாய்க்கிழமை, பால்காரன் வந்துபோன நேரம். "இந்த வயசுல இப்பிடி ஒரு பேரு எடுக்கணுமா அய்யா" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தாய். நான் பதில் சொல்லாமல் இருந்தது பதில் இல்லாததால் அல்ல, உன் அம்மா என் பக்கத்திலேயே நின்றாள். நான் போனைக் காதில் வைத்தாலே அந்தப் பக்கம் ராக்கு பேசுகிறாள் என்று அவளுக்கு ஆகிவிடுகிறது, அதனால்தான் போனை விட்டுவிட்டு இந்தத் தாளைப் பிடித்திருக்கிறேன். முத்துக்கண்ணன் இதைப் போட்டோப் பிடித்து இன்றைக்கே உனக்கு அனுப்பிவிடுவான், தாள் பின்னால் தபாலில் வரும். வருகிற திங்கட்கிழமை மதுரை விடுதியிலிருந்து வேன் வந்து உன் அம்மாவை ஏற்றிக்கொண்டு போகும் என்று நீயும் உன் அண்ணனும் பேசி முடித்திருக்கிறீர்கள். புத்தி பேதலித்தவர்களை வைத்துப் பார்க்கும் விடுதி. அவளை நான் அனுப்பமாட்டேன். இதைச் சொல்லத்தான் கடிதம், மற்றதெல்லாம் ஏன் என்பதற்கு.

உன் அம்மாவுக்குக் கைநடுக்கம் வந்து ஆறு வருஷம் ஆகிறது. முதலில் வலது கைப் பெருவிரலும் சுட்டுவிரலும் மட்டும் சும்மா இருக்கும்போது உருட்டிக்கொண்டே இருக்கும், ஏலக்காய் உருட்டுகிற மாதிரி இருக்கிறதே என்று நான்கூட கேலி செய்தேன். பிறகு நடை குறுகியது, முகத்தில் சிரிப்பு நின்றது, வாசம் தெரியாமல் போயிற்று. போன வருஷம் ஆடியில் ஒருநாள் கட்டிலுக்கு அடியில் யாரோ விட்ட பூனை மூன்று இருக்கிறது என்றாள். குனிந்து பார்த்தேன், ஒன்றுமில்லை. பிறகு முற்றத்தில் சின்னப்பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றாள், பேசமாட்டார்கள், சும்மா உட்கார்ந்திருப்பார்கள், அவளுக்கு அதில் பயமும் இல்லை. நானும் கண் மங்கல் என்று விட்டுவிட்டேன். இந்த ஆவணி கடைசியில்தான் கூடையும் தலைத்துணியுமாக ஏலத் தோட்டத்துப் பெண்கள் அவள் கண்ணுக்கு வர ஆரம்பித்தார்கள். உன் அம்மா அவர்களுக்கு வரிசையாக டம்ளர் எடுத்துவைப்பாள். பிறகு மற்ற பெண்கள் எல்லோரும் போய் ராக்கு ஒருத்தி மட்டும் நின்றாள்.

ராக்குவை உனக்கு மறந்திருக்கும். ராசிங்காபுரத்துக்காரி, புருசன் விட்டுப்போனவள், மலைத் தோட்டத்தில் உன் அம்மாவோடு ஒரே வரிசையில் ஏலக்காய் எடுத்தவள். செத்துப் பத்தொன்பது வருஷம் ஆகிறது, நானும் உன் அம்மாவும் சேர்ந்துதான் கேதத்துக்குப் போனோம், உன் அம்மா தொண்டை கட்டிப்போகும் அளவுக்கு ஒப்பாரி வைத்தாள். அந்த ராக்குவை நான் வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்திருக்கிறேனாம். "இந்தா அடுப்படியில நிக்கிறா, சேலையப் பாருங்க, நான் கேட்ட கலரு அவளுக்கு எடுத்துக் குடுத்திருக்கீக" என்பாள். செத்துப்போனவள் எப்படி வருவாள் என்றால், "செத்தவளையும் விட்டுவைக்க மாட்டீகளோ" என்பாள். முத்துக்கண்ணன் எழுதுவதை நிறுத்திவிட்டு, மகளுக்கு இதையெல்லாமாடா எழுதச் சொல்றே என்கிறான். போஸ்டாபீசில் முப்பது வருஷம் ஊர்க் கடிதத்தைச் சுமந்தவனுக்கு வெட்கத்தைப் பார். மகள் ஏற்கெனவே பாதியைக் கேட்டாச்சு, மீதியையும் கேட்கட்டும், எழுதுடா என்று சொல்லியிருக்கிறேன். உன் அம்மா உனக்குப் போனில் அழுதது இதைத்தான். அவள் பொய் சொல்லவில்லை, அவள் கண்ணுக்கு அது நிசம். நீ நம்பியதிலும் எனக்குக் கோபமில்லை, பெற்றவள் அழுதால் பிள்ளை நம்பத்தான் செய்யும்.

கேட்டுக்கொள், தப்பு நடந்தது வேறு இடத்தில். அதைச் செய்தது நான்தான். உன் அம்மாவுக்கு மூன்று வேளையும் மஞ்சள் மாத்திரை. எனக்கு எழுத்துத் தெரியாது, மாத்திரையைக் கண்ணாலும் விரலாலும் தரம் பிரித்து வைப்பேன். முப்பத்தொரு வருஷம் தோட்டத்து ஸ்டோரில் ஏலக்காய் பிரித்த விரல் இது, நிறம் வேறு பருமன் வேறு என்றால் சரக்கு வேறு, ஒரே மூட்டையில் போடக்கூடாது, இதுதான் எனக்குத் தெரிந்த கணக்கு. ஆவணியில் மஞ்சள் மாத்திரை இன்னும் பாதி அட்டை மிச்சம் இருந்தபோது போடி மெடிக்கலில் சீட்டைக் காட்டிக் கேட்டேன், அந்தக் கம்பெனி இல்லை என்று வெளிறிய நீலத்தில் ஒன்று கொடுத்தார்கள், அவர்கள் சொன்ன வார்த்தை பஸ்சு இரைச்சலில் என் காதில் சரியாக விழவில்லை. அந்த வாரமே தங்கபாண்டி மதுரையிலிருந்து மஞ்சளும் வாங்கிவந்து போட்டுவிட்டான். நீலம் புதிதாகக் கூடியிருக்கிறது என்று நினைத்து நான் இரண்டையும் கொடுத்தேன். இரண்டும் ஒரே மருந்து. நாற்பத்தொரு நாள் இரட்டிப்பாகப் போயிருக்கிறது. முதல் வாரம் அவள் விறுவிறு என்று நடந்தாள், கை நின்றது, புதுசு நல்லா வேலை செய்கிறது என்று சந்தோசப்பட்டேன், அந்தச் சந்தோசத்தை நினைத்தால் இப்போது என்னையே அறையத் தோன்றுகிறது.

உன் அண்ணனுக்கு இது அப்போது தெரியாது, எனக்கும் தெரியாது. அவள் என்னை வெளக்குமாற்றால் அடிக்க வந்த அன்று அவன் பயந்துபோய், யாரோ சொன்னார்கள் என்று, ஆளை அமர்த்தும் மாத்திரை இரண்டு வாங்கிவந்து கொடுத்துவிட்டான். அவளைக் கட்டிப்போடாமல் கட்டிப்போட்ட மாதிரி ஆயிற்று. மூன்று நாள் மரக்கட்டை, கழுத்துத் திரும்பவில்லை, எச்சில் வழிகிறது, தண்ணீரை ஸ்பூனில் விட்டால் அது வெளியே வருகிறது. அவன் அழுதான், அவனை ஒன்றும் சொல்லாதே. போடி மெடிக்கலிலும் சரி வேறு எங்கும் சரி, இனிமேல் சீட்டு இல்லாமல் எதையும் வாங்கமாட்டேன் என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்திருக்கிறான். மூன்றாம் நாள் நான் மாத்திரை அட்டை எல்லாவற்றையும், காலியானதையும் சேர்த்து, மஞ்சப்பையில் போட்டு அவளையும் கூட்டிக்கொண்டு அவன் ஜீப்பிலேயே மதுரைக்குப் போனேன்.

நரம்பு டாக்டரம்மா பேர் கார்முகில், உன்னைவிட வயது குறைவு. பையை மேசையில் கொட்டி ஒவ்வொரு அட்டையாகப் புரட்டினாள். பிறகு நீலத்தையும் மஞ்சளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "அய்யா, இது ரெண்டும் ஒண்ணுதான், கம்பெனிதான் வேற" என்றாள். நான் விடவில்லை. நிறமும் வேற அளவும் வேற, அது எப்படிம்மா ஒண்ணாகும் என்று வாதாடினேன். அவள் சிரிக்கவில்லை, ஏசவில்லை, எழுதப் படிக்கத் தெரிந்தவர்களும் இந்தத் தப்பைச் செய்கிறார்கள் என்றாள். எனக்குத் தலை நிமிரவில்லை ஆத்தா. அவள்தான் விளக்கமாகச் சொன்னாள். இந்த நோய் கையை மட்டும் பிடிக்கிற நோய் இல்லையாம், மூளையில் உட்கார்ந்துகொண்டு இல்லாத ஆளைக் காட்டுமாம், இல்லாத சந்தேகத்தை நிசமாக்குமாம், கட்டினவன் மேல் சந்தேகம் வருவது இந்த நோயில் அவள் நிறையப் பார்த்திருக்கிறாளாம். அந்தப் பூனை வந்தபோதே தன்னிடம் கூட்டிவந்திருக்க வேண்டும் என்றாள். மருந்து கூடினால் அது இன்னும் எகிறும், ஆனால் மருந்து மட்டுமே காரணம் என்றும் சொல்ல முடியாது என்றாள். பேயும் இல்லை, குணக்கேடும் இல்லை. அண்ணன் வாங்கிக்கொடுத்த வகை இந்த நோய்க்காரர்களுக்கு ஆகவே ஆகாது, எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதலில் அதைச் சொல்லுங்கள் என்று தாளில் பெரிசாக எழுதிக் கொடுத்திருக்கிறாள். நீலத்தை நிறுத்தினாள், மஞ்சளை நாமாக நிறுத்தினால் ஆபத்து என்றாள், சந்தேகத்துக்குச் சின்ன மாத்திரை ஒன்று தனியாகக் கொடுத்தாள். முழுசாகப் போகும் என்று வாக்குக் கொடுக்கவில்லை. குறையும், பார்த்துக்கொள்ளலாம் என்றாள்.

இன்றைக்குப் பதினாறு நாள் ஆகிறது. தோட்டத்துப் பெண்கள் வருவதில்லை. ராக்கு வருகிறாள், ஆனால் சாயந்திரம் வெளிச்சம் மங்கும்போது மட்டும், கொஞ்ச நேரம். கொடியில் தொங்கிய என் சட்டையைத்தான் பாதி நாள் ராக்கு என்று பார்த்திருக்கிறாள், அதை எடுத்துவிட்டேன், அடுப்படிக்குப் பெரிய டியூப்லைட் போட்டாயிற்று, பீரோக் கண்ணாடிக்குத் துணி கட்டியாயிற்று. மாத்திரைக்கு மூன்று டப்பா, காலைக்குரிய மூடியில் ஒரு கிராம்பு, மதியத்துக்கு ஒரு மிளகு, சாயந்திரத்துக்கு ஒரு காப்பிக்கொட்டை, பசை போட்டு ஒட்டியிருக்கிறேன், தடவிப் பார்த்தே எடுப்பேன். புது அட்டை வந்தால் முத்துக்கண்ணன் எழுத்துக் கூட்டிப் படித்துச் சரி என்று சொல்லாமல் அது டப்பாவுக்குள் போகாது. வாசலில் அவள் கால் ஒட்டிக்கொண்டு நின்றால் என் கம்பைக் குறுக்கே தரையில் போடுவேன், அதைத் தாண்டச் சொன்னால் தாண்டி நடந்துவிடுவாள், டாக்டரம்மா சொல்லித்தந்த வித்தை. அவள் ராக்கு நிற்கிறாள் என்றால் இல்லை என்று நான் இப்போது சண்டைக்குப் போவதில்லை, ஆமாம் என்றும் சொல்வதில்லை. என் கண்ணுக்குத் தெரியவில்லை, நீ பயப்படாதே, நான் இங்கேதான் இருக்கிறேன் என்பேன். "நீங்க இருக்கிறதுதானே எனக்குப் பயம்" என்று நேற்று சொன்னாள். முத்துக்கண்ணன் வாய்விட்டுச் சிரித்துவிட்டான், அவளுக்கும் உதடு கொஞ்சம் கோணியது, ஒரு வருஷம் கழித்து அதைப் பார்த்தேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், சொல்லாவிட்டால் இவ்வளவு எழுதியும் பாதி பொய். நான் ராக்குவைத் தொட்டதில்லை, தனியாக நின்று பேசியதில்லை, இதை எந்தக் கோயிலிலும் சூடம் அடித்துச் சொல்வேன். ஆனால் எத்தனையோ பேர் இருக்க ராக்கு ஏன் வந்தாள் என்று இருபது நாளாகத் தோண்டிப் பார்த்தேன். எனக்கு மறதி கிடையாது, உனக்கே தெரியும். தங்கபாண்டி வயிற்றில் இருக்கும்போது உன் அம்மா பாயசத்துக்கு நாலு ஏலக்காய் கேட்டாள். ஸ்டோர்க்காரன் மடியில் ஒரு காய் இருந்தாலும் களவு என்று நான் கொண்டுவரவில்லை, தோட்டத்தில் என்னை நம்பித்தான் சாவி கொடுத்திருந்தார்கள். அவள் பிறகு கேட்கவே இல்லை. நீ பிறப்பதற்கு முந்தின வருஷம் ராக்குவின் தங்கச்சி கல்யாணம். ராக்கு மலையில் எல்லோர் முன்னாலும் அழுதாள், பந்திக்கு மணக்க ஒரு பாயசம்கூட வைக்க முடியவில்லை என்று. இரக்கப்பட்டு ஸ்டோரிலிருந்து முதல்தரத்தில் ஒரு கை அள்ளிக் கொடுத்துவிட்டேன். வாழ்நாளில் நான் எடுத்த ஒரே களவு. பந்தியில் உன் அம்மா பாயசத்தை வாயில் வைத்ததும் நிமிர்ந்து எதிர்வரிசையில் இருந்த என்னைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. நாற்பத்தொரு வருஷமாகக் கேட்கவில்லை. நோய்க்கு அதுவும் இதுவும் சம்பந்தம் உண்டா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன், அப்படிச் சொல்ல முடியாது அய்யா என்றாள். சம்பந்தம் இல்லாமலே இருக்கட்டும். நான் போன வாரம் போடிக்குப் போய் முதல்தரமாகப் பச்சை குறையாத பருவெட்டு ஏலக்காயாக ஒரு பொட்டலம் வாங்கிவந்து அவள் மடியில் வைத்தேன், இது உனக்கு, அன்றைக்கே கொடுத்திருக்க வேண்டும் என்றேன். ஒன்றை எடுத்து நடுங்குகிற கையோடு மூக்கில் வைத்து ரொம்ப நேரம் மோந்து பார்த்தாள். "வாசத்தையெல்லாம் அவளுக்குக் குடுத்துட்டு எனக்குச் சக்கையக் கொண்டாந்தீகளா" என்றாள். மூக்கு போனது அவளுக்கு எப்படித் தெரியும். நான் அழவில்லை என்று எழுதச் சொன்னேன், முத்துக்கண்ணன் அழுதாய் என்கிறான், அவன் இஷ்டம்.

விடுதியை நான் பார்க்காமல் பேசவில்லை. டாக்டரம்மாவைப் பார்த்த அன்றே அண்ணனோடு அங்கேயும் போனேன். குறை சொல்ல ஒன்றுமில்லை, தரை சுத்தம், பேசினவர்கள் மரியாதையாகப் பேசினார்கள். ஆனால் அங்கே மணி அடித்தால் எல்லோருக்கும் ஒரு நேரத்தில் சாப்பாடு, ஒரு நேரத்தில் மாத்திரை. உன் அம்மாவுக்கு மாத்திரை அரைமணி தப்பினால் உடம்பு பூட்டிக்கொள்ளும், சோற்றோடு கொடுத்தால் சரியாகப் பிடிக்காது, முன்னால் கொடுக்க வேண்டும். சாயந்திரம் ராக்கு வந்து நிற்கும்போது அங்கே யாரிடம் அவள் சண்டை போடுவாள்? சண்டை போட ஆள் இல்லாவிட்டால் பயந்து நடுங்குவாள், அப்போது அமர்த்துகிற மாத்திரை வரும், அந்த மூன்று நாளை நான் இன்னொரு தரம் பார்க்கத் தயாராக இல்லை. கட்டினவன் கைநாட்டு வைத்தால்தான் சேர்ப்பார்களாம், தாளை நீட்டினார்கள். என் விரல் அதில் விழாது என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன், அதற்குப் பிறகும் நீங்கள் வேனுக்குச் சொல்லியிருக்கிறீர்கள். உன் அண்ணன் ஜீப்பில் வரும்போது, "உங்களுக்கு எழுபத்தாறு வயசாச்சு அய்யா, நீங்க விழுந்தா" என்றான். நியாயமான கேள்வி. நான் விழுந்தால் அன்றைக்கு நீங்கள் இரண்டு பேரும் முடிவு செய்யுங்கள், குறுக்கே வரமாட்டேன். இன்றைக்கு நான் விழவில்லை. ரோஜா வாரத்தில் மூன்று நாள் வந்து குளிப்பாட்டிவிட ஒத்துக்கொண்டாள், அவள் வாய் கொஞ்சம் நீளம், கை நல்ல கை. மாதம் ஒருமுறை டாக்டரம்மா. நீ செய்ய வேண்டியது இரண்டுதான். அண்ணனிடம் பேசித் திங்கட்கிழமை வேனை வரவேண்டாம் என்று சொல்லச் சொல்லு. தினம் நம்மூர் நேரம் நாலு மணிக்கு, வெளிச்சம் இருக்கும்போதே, உன் அம்மாவுக்குப் போன் பண்ணு. அய்யா கெட்டவர் என்று ஒத்து ஊதாதே, அப்படியெல்லாம் இல்லம்மா என்று மறுக்கவும் செய்யாதே. சாப்பிட்டாயா, பேத்தி என்ன சேட்டை செய்தாள், அதைப் பேசு. என்னோடு பேசுவதும் பேசாததும் உன் விருப்பம்.

எழுதி முடிக்கிற நேரத்தில் உன் அம்மா கம்பைப் பிடித்துக்கொண்டு நிலைப்படிக்கு வந்துவிட்டாள். "யாருக்கு எழுதுறீக, அவளுக்குத்தானே" என்றாள். சந்திராவுக்கு என்றேன். நம்பவில்லை. "ஏண்ணே, நெசமாவா" என்று முத்துக்கண்ணனைக் கேட்டாள். அவன் உன் பெயரை எழுத்து எழுத்தாகக் காட்டினான், அவளுக்கும் எழுத்துத் தெரியாது, ஆனாலும் குனிந்து பார்த்தாள். திங்கட்கிழமை வேன் வரப்போவது அவளுக்கும் காதில் விழுந்திருக்கிறது போல. உட்கார்ந்துகொண்டு, நான் சொல்றதையும் எழுதுங்க என்றாள். அவள் சொன்னதை அப்படியே எழுதச் சொல்லியிருக்கிறேன், ஒரு வார்த்தை கூட்டாமல்: "ஆத்தா சந்திரா, நான் எங்கயும் வரமாட்டேன். நான் போயிட்டா வீடு அவளுக்குன்னு ஆயிரும். அவ போற வரைக்கும் நான் இங்கதான் இருப்பேன்."

அவ்வளவுதான் ஆத்தா. இவ்வளவு எழுதியும் நான் சொல்ல முடியாததை அவள் சொல்லிவிட்டாள், இதற்கு மேல் என்னிடம் பேசி எடுக்க ஒன்றுமில்லை. நீயும் மாப்பிள்ளையும் நீண்ட ஆயுசோடு, பேத்திகள் படிப்பும் குணமுமாக, ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். மாப்பிள்ளைக்கு என் வணக்கம். திங்கட்கிழமைக்கு இன்னும் நாலு நாள்தான், அண்ணனை இன்றைக்கே கூப்பிடு.

இப்படிக்கு,
உன் அய்யா அழகுமலை,
உடன் உன் அம்மா கருப்பம்மாள்.